மூன்றாவது பிளக்

தொப்பூர் ஏற்றத்தில், இரட்டைப் பாலம் தாண்டி,
முன்னால் போகும் சிமெண்ட் லாரி
கியரைக் குறைத்துப் பெருமூச்சு விடும் இடத்தில்தான்
எப்போதும் அது தொடங்கும்.
ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு.
பிறகு, தவிலில் ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கிற மாதிரி
ஒரு நொண்டல்.
ஆரஞ்சு விளக்கு.
பதினான்கு வயது ஆல்டோ, மூன்று சிலிண்டர்,
மூன்றாவது மறுபடி ஊமை.
பின்னாலிருந்த ஹாரன்கள் என் லைசென்ஸை விசாரித்தன.

நான் கணக்கு எழுதுகிறவள்.
தருமபுரியில் ஒரு மாடி அறை,
எழுபத்திரண்டு பார்ட்டிகளின் ஜி.எஸ்.டி.
ஆகவே காருக்கும் ஒரு ஃபைல் உண்டு.

ஜூன்: காயில் ஒன்று, பிளக் செட், கூலி.
அக்டோபர்: காயில் ஒன்று, பிளக் செட், கூலி.
"ஒரிஜினல்க்கா, இனிமே வராது."
பிப்ரவரி: காயில், பிளக் செட்,
கூலியில் ஐம்பது தள்ளுபடி, என் முகத்தைப் பார்த்து.
மூன்று கடை, ஒரே சிலிண்டர்.
ஒயரிங் என்றார் ஒருவர்.
தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் ஒருவர்.
சேலத்துக்காரர் எலி என்றார்,
திரும்பி வந்து மறுக்காத ஒன்றின் மேல்
பழியைப் போட்ட நிம்மதியோடு.

பென்னாகரம் ரோட்டில் திம்மராயன்
கையைத் துடைக்காமலே ஒன்றாவது காயிலை மூன்றிலும்
மூன்றாவதை ஒன்றிலும் மாட்டினார்.
ஆட்டுக்காரம்பட்டி வரை மிதித்துவிட்டு வந்தார்.
ஸ்கேனர் மறுபடி மூன்று என்றது.
"காயில் எடம் மாறிடுச்சு. கோளாறு மாறல.
இந்தக் காயில் இன்னும் சாகல. சாகப் போவுது.
பிளக் கழட்டுனாங்களா?"
"மூணு தடவை," பில்லை நீட்டினேன்.

ஒன்று வந்தது, புதுசு.
இரண்டு வந்தது, புதுசு.
மூன்றில் ஸ்பேனரை வைத்து ஒரு அழுத்து அழுத்தியவர்
பட்டென்று கையை எடுத்தார்,
யாரோ தூங்கும் அறைக் கதவை
தெரியாமல் தட்டிவிட்டவர் போல.
"இது கம்பெனியில போட்டதும்மா."

அப்போதுதான் ஞாபகம் வந்தது.
டேஷ்போர்டுப் பெட்டியில், டோல் சீட்டுகளுக்கு அடியில்
பிரிக்காத மூன்று பிளக்.
ஒவ்வொரு முறையும் சாவியோடு
"மிச்சம்க்கா" என்று தந்தது.
மூன்று சிலிண்டர், மூன்று பிளக்,
மிச்சம் எங்கிருந்து?
பத்துப் பைசா வித்தியாசத்துக்கு
ராத்திரி முழுக்க உட்காருகிறவள்
வாங்கி உள்ளே போட்டிருக்கிறேன்.

மரை பிய்ந்தால் ஹெட்டை இறக்க வேண்டும்.
மூன்று பேரும் அந்தப் பயத்தைச் சொல்லாமல்
காயில் விலையில் சேர்த்துவிட்டார்கள்.
நானும், மேச்சேரி பார்ட்டி ஒருவருக்கு
நாலு வருடமாய்ப் பொருந்தாத ஒரு தொகையை
சஸ்பென்ஸ் கணக்கில் வைத்து
மார்ச் தோறும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளுகிறேன்.
திம்மராயனிடம் அதைச் சொல்லவில்லை.

ஒரு இரவு எண்ணெயில் ஊறியது.
காலையில் எஞ்சினைச் சூடாக்கி
கால் சுற்று தளர்த்தினார், அரைக்கால் இறுக்கினார்,
மறுபடி கால்.
கிறீச்சென்றபோது
டீ கொண்டுவந்த பையன்கூட வாசலிலேயே நின்றான்.

வந்தது.
முனை கரைந்து, கூழாங்கல் போல.
இடைவெளியில் ஃபீலர் தகடு ஒன்றை நுழைத்தார்,
இன்னொன்றைச் சேர்த்தார், அதற்கும் இடம் இருந்தது.
"ஒரு மில்லி தாண்ட வேண்டிய பொறி.
இங்க ரெண்டு.
தாண்டித் தாண்டியே செத்துருக்கு."

என் மிச்சத்தில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன்.
பில்: கூலி எண்ணூறு. பிளக், பார்ட்டி பொருள்.
அதன் கீழே, நான் கேட்காமலே,
கோணல் எழுத்தில்:
மூணாவது மரை பாதி போச்சு.
அடுத்த தடவை கழட்டினா பொறுப்பில்லை.
பதினாறு வருடத்தில்
இப்படி ஒரு வரி எழுதிய பில்லை
நான் ஃபைல் செய்ததில்லை.

சனிக்கிழமை, தொப்பூர்.
இரட்டைப் பாலம். லாரியின் பெருமூச்சு.
என் வலது கால் பழக்கத்தில் தளர்ந்தது,
வண்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.
மேடு முடிந்ததும் மேச்சேரிக்குப் போன் போடலாம்
என்று நினைத்தேன்.
டோல்கேட் வந்தது.
சில்லறை தேடினேன்.