லிட்டருக்கு

டாஷ்போர்டு அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு.
ஜோயல் ஒன்றாம் வகுப்பில் மிச்சம் வைத்த
நாலு கோடு நோட்டு.
அதில்தான் காரின் கணக்கு:
தேதி, ஓடிய தூரம், போட்ட லிட்டர்,
வகுத்து வருகிற எண்.
ராணிப்பேட்டை தோல் கம்பெனியில்
பதினோரு வருஷம் பேரேடு எழுதிய கை
சும்மா இருக்காது.

எபனேசருக்கு நைட் ஷிஃப்ட் வாரம், கார் அவனுக்கு.
மற்ற வாரம் எனக்கு.
சத்துவாச்சாரியில் எடுத்தால் சிப்காட்டில் நிறுத்துவோம்,
இரண்டு பேருக்கும் அதே ரோடு, அதே பங்க்.
எனக்கு இருபது வருகிறது.
மேல்விஷாரத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் இருந்தால்
பத்தொன்பதரை.
அவனுக்குப் பதினைந்து.
ராத்திரி ரோடு காலி,
இன்னும் கூடத்தான் வர வேண்டும்.

ஏசி என்றான்.
வேலூர் மே மாதம் எனக்கு மட்டும் குளிர்காலமா?
பெட்ரோலில் கலப்படம் என்றான்.
டயர் என்றான்.
முப்பத்து மூன்று பவுண்டு காற்று
ஞாயிறு சர்ச் முடிந்து நான்தான் பிடித்து வந்தேன்.
டிக்கியில் கிடக்கிற கிரைண்டர் பெட்டியையாவது இறக்கு என்றேன்.
"ஃப்ரெண்டோடது, இருக்கட்டும்."

காட்பாடியில் ஒரு புதுமனை புகுவிழா.
அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து
அவன் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கிரீன் சர்க்கிளில் சிவப்பு
கால் கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிறது.
தெரிந்த பிறகும் மிதிக்கிறான்.
லாரியின் 'ஒலி எழுப்பவும்' மூக்கில் இடிக்கும்வரை மிதித்து
அப்புறம் பிரேக்.
நிற்கப்போகிற இடத்துக்கு
இத்தனை அவசரமாய்ப் போவானேன்?

நான் என்றால் காலை எடுத்துவிடுவேன்.
ஏற்கெனவே வாங்கிய வேகம்,
காசு கொடுத்தாகிவிட்டது,
அதுவே சிக்னல்வரை கொண்டுபோய் விடும்.
சில நாள் நான் போய்ச் சேரும்போது பச்சை.
பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரன்
ஒருமுறை எட்டிப் பார்த்துச் சொன்னதை எழுத
நோட்டில் பத்தி இல்லை.

பாலாற்றுப் பாலத்தில்
அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.
எடுக்கவில்லை.
மறுபடி அதிர்ந்தது.
எழுபது, எண்பது, கீழே வெறும் மணல்,
மூன்றாம் கியரில் கத்துகிறது வண்டி.
"கியர் மாத்து" என்றேன்.
மாற்றினான். என்னைப் பார்க்கவில்லை.

விழா வீட்டில் பந்தி முடிந்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்க
காரில் வந்து உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன்.
அவன் வாரங்களை மட்டும்.
ஜனவரி பத்தொன்பது. பிப்ரவரி பத்தொன்பது.
மார்ச் நடுவில் பதினேழு.
பிறகு பதினாறு, பதினைந்து.
மார்ச் நடுவில் என்ன?
அந்தச் சீட்டுக் கம்பெனி ஷட்டர் இறங்கியது.
எங்கள் கம்பெனி கேன்டீனில்கூட இரண்டு பேர் அழுதார்கள்.
பணம் கட்டுகிறவர்களுக்கெல்லாம்
கிரைண்டர் கொடுத்த கம்பெனி.

எவ்வளவு என்று பிறகுதான் தெரிந்தது.
மூன்று லட்சம்.
ஒவ்வொரு டேங்கிலும்
லிட்டருக்கு நாலு கிலோமீட்டராக
சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.
நான் வகுத்து, கூட்டி, அடிக்கோடிட்டு
அவனிடமே காட்டிச் சண்டை போட்டிருக்கிறேன்.

என் வரிசையிலும் ஒரு பதினொன்று உண்டு.
ஜோயலுக்கு நூற்று நாலு காய்ச்சல் அடித்த வாரம்.
பக்கத்தில் குறிப்பு எதுவும் எழுதவில்லை.
அவனும் அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பும்போது சாவியை நீட்டினான்.
பாலம் வந்தது. கிரீன் சர்க்கிள் சிவப்பு தெரிந்தது.
காலை எடுத்தேன்.
வண்டி தானாகப் போகிற அந்தச் சத்தமில்லாத தூரத்தில்
"ஹெப்சி" என்று ஆரம்பித்தான்.
ஒரு சிக்னலில் சொல்லி முடிகிற விஷயமில்லை.
பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன்.
மெதுவாகத்தான் எடுத்தேன்.

கிரைண்டர் இப்போது சமையலறையில்.
ஒருபக்கம் ஆடுகிறது, மாவு நைசாக வருவதில்லை.
அந்த டேங்க் மட்டும் இரண்டு பேரும் ஓட்டியது:
பதினேழு புள்ளி நாலு.
யார் வாரம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டுவிட்டேன்.