ஞாயிறு ஏழரைக்கு

குட்டிக் குளம் ஒன்றரை அடிதானே என்று
பசவராஜிடம் மூன்றாம் முறை கேட்டாகிவிட்டது.
அலமாரிக் கதவில் பென்சிலால் கோடிழுத்து
நிலனை ஒட்டி நிற்கவைத்தேன்.
தொப்புளுக்கு மேல் இரண்டு விரல்.
அவன் கோட்டை நக்கிப் பார்த்தான்.

நீச்சல் டயப்பர், ஒன்று எழுபது ரூபாய்.
தண்ணீரைப் பிடிக்காதாம்,
மற்றதை மட்டும் பிடிக்குமாம்.
ஜெகன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்து
“விவரமான சாமான்” என்றான்.

எனக்கும் ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.
நைட்டியோடு இறங்கக் கூடாதென்று பலகை சொல்கிறது.
குளியலறையில் தாழிட்டுப் போட்டுப் பார்த்தேன்.
என் முழங்காலை
இத்தனை வெளிச்சத்தில் பார்த்து வெகுநாள்.

ஹொரமாவில் இது மார்ச்.
ஒருநாள் விட்டு ஒருநாள் டாங்கர்.
அரை வாளியில் குளித்து வளர்ந்த பிள்ளைக்குத்
தண்ணீர் என்பது ஒரு மக்.
கடைசி மக் ஊற்றும்போது
“போச்சு” என்பான், அவனாகவே.

குளத்தை நிரப்பலாமா என்று
சங்கக் கூட்டத்தில் ஓட்டெடுத்தார்கள்.
நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு.
வேண்டாம் என்று தூக்கிய முப்பத்தெட்டில்
என் கையும் ஒன்று.
அதே கையால்தான்
ஆரஞ்சு வளையத்தை ஊதி
அவன் தோள்வரை ஏற்றினேன்.

கழற்ற விடவில்லை.
அப்படியே தூங்கிப்போனான்.
காற்றடைத்த கை மெத்தையில் படியாமல்
பாதி தூக்கியபடி கிடக்கிறது.

பதினொன்றரை.
கீழே ஒரு டாங்கர் ரிவர்ஸ் எடுக்கிறது.
எங்கள் தொட்டிக்கா, குளத்துக்கா,
எட்டிப் பார்க்கவில்லை.
பையில் இன்னொரு துண்டு வைத்தேன்.