மணம் என்று ஒரு சொல்

முருகன்குறிச்சி லேபில் வாங்கிய தாளை
மேசையில் கவிழ்த்துவிட்டு டாக்டரம்மா கேட்டது
சோற்றைப் பற்றியோ தூக்கத்தைப் பற்றியோ இல்லை.
'ஒரு நாளைக்கு எத்தனை டப்பா திறக்கீங்க?'

நான் கல்யாணப் பெண்களுக்கு முகம் எழுதுகிறவள்.
முகத்துக்குப் பதினான்கு டப்பா.
எதையும் முதலில் என் புறங்கையில் தேய்த்துப் பார்ப்பேன்,
பன்னிரண்டு வருஷமாக.
கணக்குப் போடத் தொடங்கி
நடுவில் விட்டுவிட்டேன்.

'இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன்.
உறுதியா யாருக்கும் தெரியாது.
குறைக்க முடிஞ்சதைக் குறைங்க.'
ஃபீஸ் நானூறு.

அன்றைக்கு ராத்திரி சமாதானபுரம் வீட்டில்
பெட்டியைப் பாயில் கொட்டினேன்.
டப்பாக்களின் அடிவயிற்றில்
கடுகை நாலாய்ப் பிளந்த எழுத்து.
போனில் படம் எடுத்து
விரலால் விரித்து விரித்துக் கூட்டினேன்:
மெத்தில்பாரபென். புரொப்பில்பாரபென். பியூட்டைல்பாரபென்.
ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு
வால் மாறாமல் பேர் வைத்த மாதிரி.

பச்சை இலை அச்சடித்த மூலிகை கிரீம் ஒன்று,
அதைத்தான் நம்பி எடுத்தேன்.
உள்ளே
அதே அண்ணன் தம்பிகள் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

பட்டியலின் வால்நுனியில் ஒரு சொல்: மணம்.
மற்ற எல்லாவற்றுக்கும் பேர் உண்டு,
இதற்கு மட்டும் முக்காடு.
அதற்குள் எத்தனை பேர், எந்த ஊர்?
தாலேட்டு என்கிறார்களே அதுவும்
கூட்டத்தோடு கூட்டமாக வந்திருக்கலாம்,
வராமலும் இருக்கலாம்.

கல்யாண மண்டபத்தில் ஒருத்தனைப் பார்த்திருக்கிறேன்.
மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு ஆள் என்று நினைப்பார்கள்,
பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று.
சொதியை ரெண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு
வெற்றிலையும் போட்டுக்கொண்டு போவான்.
உடம்பும் அப்படித்தான் ஏமாறுமாம்.
சுரப்பி அனுப்பின ஆள் என்று நினைத்து
வாசலைத் திறந்துவிடுமாம்.

ரஹ்மத் நிஷா கடையில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.
'தொறந்த டப்பாவ எவ வாங்குவா, ஏட்டி?'
எதுவுமே சேர்க்காத கற்றாழை ஜெல் எடுத்துத் தந்தாள்.
சித்திரை வெயிலில்
ஒன்பதாம் நாள் அதற்குத் தாடி முளைத்தது.
அதையும் வீசினேன்.
சும்மா இருக்கிறதெல்லாம் சுத்தமில்லை.

ஆவணியில் வீரவநல்லூர் முகூர்த்தம்.
விடிய மூணு மணி. பெண்ணுக்குப் பேர் ஆவுடைச்செல்வி.
குளித்து வந்தவள் கதவைத் தாழ்ப்போட்டு
கைப்பையின் அடியில் துழாவி
சின்ன வெள்ளை மாத்திரையை வாயில் போட்டாள்.
தண்ணீர் தேடின கண்ணில் நான் பட்டேன்.
சொம்பை நீட்டினேன்.

'அம்பதா?'
'எழுவத்தஞ்சு. அக்கா, மாப்பிள வீட்டுல யாருட்டயும்...'
'எனக்கு நூறு.'

அப்புறம் பாயில் ரெண்டு வரிசை வைத்தேன்.
இந்தப் பக்கம் ஆறு, மணம் இல்லாதவை.
அந்தப் பக்கம் எட்டு.
எட்டுக்கும் பேர் சொன்னேன்.
'ஒரு நாள் போட்டா ஒண்ணும் ஆயிராது.
ஒனக்கு எது வேணுமோ சொல்லு.'

வெகு நேரம் பார்த்தாள்.
எட்டிலிருந்து உதட்டுச் சாயத்தை மட்டும்
இந்தப் பக்கம் நகர்த்தினாள்.
'இந்தக் கலரு சேலைக்குப் பொருந்துது, அக்கா.'
சிரித்துவிட்டோம்.

போட்டோக்காரன் சொன்னான், 'கொஞ்சம் டல்லா இருக்கு.'
பெண்ணின் அம்மா கணக்கு முடிக்கும்போது
'ஏழு சாமான்தான போட்டிய' என்று
ஐந்நூறு பிடித்துக்கொண்டாள்.

திரும்புகிற பஸ்ஸில், சேரன்மகாதேவி தாண்டும்போது,
புறங்கையை முகர்ந்து பார்த்தேன்.
டிக்கெட்டின் மை, கொஞ்சம் வியர்வை.

மிச்ச ஏழும் பரணில் இருக்கின்றன.
வீச மனசு வரவில்லை.
பெட்டிக்கு இன்னும் ரெண்டு தவணை பாக்கி.