முப்பத்துமூன்றாம் சிவப்பு

புந்தா அரேனாஸில் வெயில் சுடாது.
அதுதான் அதன் சூது.
காற்று கம்பளிக்குள் கைவிட்டுத் துழாவும்,
மூக்கு ஒழுகும்,
மேலே ஒரு வெள்ளை வட்டம்
ஒன்றும் அறியாததுபோல் நிற்கும்.
வசந்தத்தில், தெற்கு வானம் மெலிகிற வாரங்களில்,
பள்ளிக்கூட வாசல் விளக்கு
மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும்,
சில நாள் ஊதாவுக்கும்.
யாரும் நிற்பதில்லை.
வண்டிகளுக்கான விளக்கல்ல அது,
தோலுக்கானது.

நொல்பெர்த்தோவின் இடது காதிலிருந்து
பட்டாணி அளவு வெட்டியெடுத்தார்கள்.
நண்டுப் படகில் இருபத்தாறு வருடம்
அந்தக் காதுதான் வடக்கே பார்த்து நின்றது.
எங்கள் சூரியன் வடக்கில்.

தையல் பிரித்த வாரமே
சமையலறை சிவக்கத் தொடங்கியது.
தக்காளியை எண்ணெயில் சுண்டச் சுண்ட வதக்கினான்.
பச்சையாகத் தின்றால் பாதிச் சத்து
உடம்பில் ஒட்டாதாம்.
கேரட், பரங்கி, மறுபடி கேரட்.
முள் கிழித்த விரல்களோடு
கலாஃபாத்தே பழம் பறித்து வந்து
பல் நீலமாகும் வரை மென்றான்.
ஆட்டிறைச்சி தவிர எதையும் உணவென்று ஒப்பாத மனிதன்.
ஒன்றரை மாதத்தில்
உள்ளங்கை இரண்டும் மஞ்சள் பூத்தன.
பார்க்கிறவனிடமெல்லாம் கையை விரித்துக் காட்டினான்,
நிலம் வாங்கியவன் பத்திரம் காட்டுவதுபோல.

குப்பியை மட்டும் எனக்குக் காட்டவில்லை.
காதும் காதும் வைத்தாற்போல் வாங்கியிருந்தான்.
ஒன்றரைக் காதுக்காரனுக்கு எவ்வளவு சிரமமோ.
ரப்பர் பூட்ஸுக்குள், காலுறைக்கு அடியில்,
அறுபது மாத்திரை,
என் இரண்டு நாள் கூலி.

பெயரைப் படித்தேன்: அஸ்டாக்சாந்தின்.
படித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.
கூண்டுப் பண்ணையில் நான் இருந்த காலத்தில்
தீவனச் சாக்கின் வயிற்றில் அச்சடித்த பெயர்.
அது இல்லாவிட்டால்
எங்கள் சால்மன் உள்ளே சாம்பல் நிறம்.
சாம்பல் மீனை யார் வாங்குவார்கள்?
ஒவ்வொரு துண்டின் மேலும்
விசிறிபோல் விரியும் அட்டையை வைத்து
நிறத்துக்கு எண் போடுவது
இப்போது ஆலையில் என் வேலை.

அன்றிரவு அட்டையை ஏப்ரனுக்குள் ஒளித்து வந்தேன்.
அவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது
பின்கழுத்தில் விரித்தேன்.
இருபத்தெட்டு. இல்லை. முப்பது. இல்லை.
முப்பத்துமூன்று.
"ஏற்றுமதித் தரம்," என்றேன்.
"உன்னைப் பனிக்கட்டியில் அடுக்கி அனுப்பலாம்."
அவன் சிரிக்கவில்லை.
"உள்ளிருந்து காக்குமாம் யாஸ்னா," என்றான்,
கோப்பைக்குள் பார்த்தபடி.
அந்தக் குரலில் பயம் இருந்தது.
நான் அட்டையை மடித்தேன்.

மருத்துவர் மிரியானா குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
தக்காளி நல்லது, தின்னட்டும்.
வாரக்கணக்கில் தின்றால்
தோல் சிவப்பது கொஞ்சம் தாமதிக்கலாம்.
கொஞ்சம். லாம்.
இரண்டு சொல்லையும் தனித்தனியாகச் சொன்னார்.
பிறகு கேட்டார்: "தொப்பி எங்கே?"

தொப்பி மகெல்லன் நீரிணையில்.
அதற்கு முந்தையதும் அங்கேதான்.
"எந்தத் தொப்பியைக் காற்று விட்டுவைக்கிறது?"
என்றான் நொல்பெர்த்தோ.
பொய்யில்லை.
இங்கே கம்பிகளுக்கே கயிறு கட்டித்தான்
மனிதர்கள் தெரு கடக்கிறார்கள்.

நான் அகல விளிம்புள்ள ஒன்றைத் தைத்தேன்,
கழுத்து மறையப் பின்னால் ஒரு துணியும்.
தாடைக்குக் கீழே இறங்கும் கயிற்றின் முனையில்
அந்தக் குப்பியைக் கட்டினேன்.
மாத்திரை பாதி, மீதிக்கு ஈயக் குண்டு.

விடியலில் துறைக்குப் போகிறான்.
காற்று விளிம்பைப் பிடித்துத் தூக்குகிறது,
குப்பி இழுத்து இறக்குகிறது.
கலகல, கலகல.
படகுக்காரர்கள் கிலுகிலுப்பை என்கிறார்கள்.
காலைக் கணக்குக்கு ஒன்றை எடுத்து விழுங்குகிறான்,
எடை குறைகிறதே என்று
கரைக் கூழாங்கல் ஒன்றைப் பொறுக்கி
உள்ளே போடுகிறான்.