நாலும் மேலே பார்த்து

செக்காலை ரோட்டில் மாடிக்கடை.
கீழே பலகாரக் கடையில்
கடைசி ஈடு சீப்புச்சீடை
எண்ணெயை விட்டு ஏறுகிற வாசம்.
மணி பத்தரை.
மைக்செட் சேவுகன் பெஞ்சில் காலாட்டுகிறார்.
விடிந்தால் பள்ளத்தூரில் கல்யாணம்,
ஆம்ப்ளிஃபயர் வயிற்றில் கரி.

பிரிட்ஜ் என்று ஒன்றாய் வார்த்த சதுரம் அது.
நாலு கால், ஒரு மூலை மட்டும் வெட்டு.
புளியங்கொட்டை மாதிரி வெடித்துக் கிடந்தது.
அந்தச் சதுரம் கைவசம் இல்லை.
தனி டயோடு உண்டு:
அஞ்சு நாலு சைபர் எட்டு.
தட்டாம்பயறு அளவு, கறுப்பு,
ஒரு முனையில் வெள்ளிப் பட்டை.
பட்டைப் பக்கம் போகலாம்,
பட்டைப் பக்கமிருந்து வரக்கூடாது.
அதற்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

பாலிடெக்னிக்கில் போட்ட படம்தான் கைக்கு வந்தது.
சாய்ந்து நிற்கும் சதுரம்,
பக்கத்துக்கு ஒரு டயோடு,
ஆத்தங்குடிக் கல்லின் நடுவில் இருக்குமே, அப்படி.
பரீட்சையில் எட்டு மார்க்.
போர்டில் ஓட்டைகள் சாய்ந்து நிற்பதில்லை,
வரிசை வரிசையாய் நேரே.
கால்களை வளைத்தேன், குறுக்கே இழுத்தேன்,
பற்றவைக்கக் கவிழ்த்தேன்.
கவிழ்த்ததும் இடம் வலமாயிற்று.
மூன்றாவதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சுவிட்ச்.
ஃபியூஸ் ஒரு தரம் கண்ணைத் திறந்து
கண்ணாடி முழுக்க ஈயப்புகை பூசிக்கொண்டது.
காலாட்டம் நின்றது.
"என்ன ஹமீதா?"
"அது வேலையை அது செஞ்சிருக்குண்ணே."
பக்கத்து மேசையில்
மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்த ராயப்பன்
நிமிராமலே சொன்னான்:
"ஃபியூஸ் இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

நாலையும் உருக்கி எடுத்து
மேசையில் ஆறப் போட்டேன்.
கால்கள் கோணல்மாணலாய்,
உதறிப்போட்ட பூச்சிகள்.
சதுரமாய்த்தான் நிற்கணும் என்று
அவை கேட்டதா?

மேலே ஒரு கம்பி, பிளஸ்.
கீழே ஒன்று, மைனஸ்.
நடுவில் இரண்டு ஏணி,
ஏணிக்கு இரண்டு டயோடு, ஒன்றன் தலையில் ஒன்று.
டிரான்ஸ்ஃபார்மர் ஒயர்
இந்த ஏணி இடுப்பில் ஒன்று, அந்த ஏணி இடுப்பில் ஒன்று.
இடவலமாய்க் கவிழ்த்துப் பார்த்தேன்.
நாலு பட்டையும் மேலேதான் பார்த்தன.
எட்டு மார்க் போட்டவர் இதைச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

போகிற கரண்டுக்கு இதில் ஒன்று, அதில் ஒன்று வழிவிடும்.
திரும்பினால் மற்ற இரண்டும்.
ஆளுக்கு முக்கால் வோல்ட் சுங்கம்.
எந்தப் பக்கமாய் வந்தாலும்
மேல்கம்பியில்தான் போய்ச் சேரவேண்டும்.

சேவுகனிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.
"அந்த வீட்டுப் பங்காளி பதினோரு பேரு.
மைக்செட்டுக்கு யார் காசுன்னு
இன்னும் ஆளுக்கொரு பக்கம் பாக்குறாங்க."

கடைசி ஃபியூஸ்.
ராயப்பன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.
சுவிட்ச்.

ஒன்றும் வெடிக்கவில்லை.
கெப்பாசிட்டர் இன்னும் போடவில்லை.
ஓட்டை ஸ்பீக்கர் ஒன்றை
ரெசிஸ்டர் வழியே தொட்டுக் கேட்டேன்.
ஒரு டயோடு செத்திருந்தால்
முனகல் அடியில் கிடக்கும், ஐம்பதில்.
இது அதற்கு மேல்ஸ்தாயி, நூறு.
போனதும் வந்ததும் இரண்டுமே
வந்து சேர்ந்த சத்தம்.
மீட்டரை நான் அப்புறம்தான் பார்த்தேன்.

ஆஃப் பண்ணிக் கெப்பாசிட்டரைப் பற்றவைத்தேன்,
நாலாயிரத்து எழுநூறு, புது டப்பா.
பிளஸ்ஸை இரண்டு தரம் பார்த்தேன்.
ஆம்ப்ளிஃபயரோடு பெரிய பெட்டியைச் சேர்த்துப்
போட்டேன்.

சேவுகன் எழுந்து வந்து
காதைப் பெட்டியில் ஒட்டவைத்தார்.
கீழே சட்டி கழுவும் சத்தம்.
ரோட்டில் மதுரை பஸ்.

"ஒண்ணுமே கேக்கலியே" என்றார்,
முகம் வெளுத்து.