எட்டரை வரை வெளிச்சம்

முதலில் அந்த நிறத்தைச் சொல்ல வேண்டும்.
தாடி கறுத்தது.
கோபம் வந்தால் பட்டனுக்குக் கறுக்கும், பார்த்திருக்கிறேன்,
கண்ணாடியில் தன்னையே எதிரி என்று நினைத்து
தலையை ஆட்டும்போது.
இது அந்தக் கறுப்பு இல்லை.
தார் டின்னில் முக்கி எடுத்தது போல
தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் இறங்கிய கறுப்பு.

ஜூன் மாதம். ஒட்டம்வாவில்
சாயங்காலம் எட்டரைக்கும் வெளிச்சம் இருந்தது.
நாளெல்லாம் லாரி டயர் கழற்றிய கையோடு
வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன்.
காற்று வாங்கட்டும் என்று அதையும் தூக்கி வந்தேன்.
வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டினால்
குத்தும், குடையும் என்பார்கள்.
குத்தவில்லை. குடையவில்லை.
அரை கிலோ சூடு,
பெல்ட் கொக்கியில் தாடையை வைத்துக்கொண்டு
புல்லைப் பார்த்தபடி கிடந்தது.

ஸ்டாபெக் வீட்டுப் புதரிலிருந்து ஒன்று பறந்து வந்தது.
என் முழங்காலில் உட்கார்ந்து
ஒரு தரம் எரிந்தது. அணைந்தது.
இரண்டாம் தரம் எரிவதற்குள்
நாக்கு.

நான் சிரித்தேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.
"இனிமே ராத்திரி பாத்ரூமுக்கு
உன்னையே பிடிச்சுக்கிட்டுப் போகலாம்டா" என்றேன்.

இருபது நிமிஷம் இருக்கும்.
வாயைத் திறந்தது, மூடவில்லை.
எதையோ உதறிவிடப் பார்ப்பது போல
தலையை ஆட்டியது, ஆட்டியது.
ஊர் டாக்டர் போனை எடுத்தார்:
நாய், பூனை, கன்றுக்குட்டி என்றால் வாருங்கள்.
ஏம்ஸ் ஆஸ்பத்திரியில் கொரின் என்று ஒரு பெண்
"என்ன தின்றது?" என்றாள்.
சொன்னேன்.
அந்தப் பக்கம் பேனா மேஜைமேல் வைக்கப்படும் சத்தம்.
"எத்தனை?"
ஒன்று.
"வண்டியை எடுங்கள்" என்று மட்டும் சொன்னாள்.

ஷூ டப்பாவில் துண்டு, துண்டுக்குள் சுடுநீர் பாட்டில்.
வெளியே புழுக்கம், ஆனாலும் ஹீட்டர் போட்டேன்.
அறுபத்து மூன்றாம் நம்பர் ரோட்டில்
முழங்கால் உயரச் சோளத்தின் மேல், இரண்டு பக்கமும்,
வானம் தொடுகிற தூரம் வரைக்கும் மின்மினி.
அவ்வளவு அழகை அவ்வளவு வெறுத்து
நான் வண்டி ஓட்டியதில்லை.
ஒஸ்கலூசா வருவதற்கு முன்பே
டப்பாவில் நகம் சுரண்டுவது நின்றுவிட்டது.
அதற்குப் பிறகும் ஏம்ஸ் வரை போனேன்.
ஒரு மணி நேரத்துக்கு மேல்.
மூடியைத் திறக்காமல்.

டைமர் யாரையும் கேட்காமல்
காலை ஏழுக்கு விளக்கைப் போடுகிறது.
வெறும் பாறையில் வெயில் விழுகிறது.
பிளக்கைப் பிடுங்க மூன்று நாளாகக் கை வரவில்லை.
அலமாரியில் அதன் சாப்பாடு,
ஐம்பதில் மிச்சம் நாற்பத்தொரு சுவர்க்கோழிகள்,
ராத்திரியெல்லாம் கத்துகின்றன.
கேரட் சீவிப் போடுகிறேன்.
தண்ணீர்ப் பஞ்சை நனைத்து வைக்கிறேன்.
யாருக்காக என்று அவை கேட்பதில்லை.

"பல்லிதானே" என்றான் ஷெட்டில் லைல்.
கெட்டவன் இல்லை,
தன் டோனட்டில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தபடிதான் சொன்னான்.

பிரின் வெள்ளிக்கிழமை வருவாள். ஒன்பது வயது.
மாதத்தில் இரண்டு வாரக்கடைசி என்னுடையது,
மீதி நாளெல்லாம் பட்டனுக்கு நான் காவல்.
அவள் அம்மாவிடம் போனில் சொன்னேன்.
"நீயே சொல்லு" என்றாள்.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

கடையில் அதே சைசில் ஒன்று, எண்பது டாலர்.
போய்ப் பார்த்தேன், ஆமாம்.
வால் நுனி முழுசாக இருந்தது.
பட்டனுக்கு அங்கே அரை அங்குலம் கிடையாது,
அவள் வந்ததும் முதலில் தொடுவது அதைத்தான்.

ஃப்ரீசரில் இருக்கிறது, பட்டாணிப் பாக்கெட்டுக்குக் கீழே.
அவள் இல்லாமல் புதைக்க எனக்கு உரிமையில்லை.
வயசாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன், குளியலறைக் கண்ணாடியிடம்.
ஏதோ வியாதி என்று சொல்லிப் பார்த்தேன்.
போன கோடையில் ஊறுகாய் ஜாடி மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு
அவள் கையில் கொடுத்தவன் நான்.
பதினேழு பிடித்தாள். எண்ணிக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமையும் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும்.
அதற்குள் சொல்லிவிட வேண்டும்,
ஸ்டாபெக் வீட்டுப் புதரில்
முதல் ஒன்று எரிவதற்குள்.