நாலு பக்கம்

முகப்பு, நான், படங்கள், தொடர்பு.
நாலையும் அடித்து முடிக்க
மல்லாவியில் மூன்று தரம் கரண்ட் போனது.

'நான்' பக்கம்தான் இழுபட்டது.
"சி. கமலரூபி. மோட்டர் கொயில் கட்டுவேன்"
என்று போட்டுவிட்டு
அடுத்த வரிக்காகத்
தேத்தண்ணி ஆறும்வரை இருந்தேன்.
வரவில்லை. அப்படியே விட்டேன்.

படங்களை ஒழுங்குக்காக
வேறொரு கோப்புறைக்கு மாற்றினேன்.
திறந்தால் ஒன்றையும் காணோம்;
படமிருந்த இடமெல்லாம் கிழிந்த சின்னச் சதுரம்.
பக்கம் இன்னும்
பழைய முகவரியில் போய்த் தட்டுகிறது.

இடம்பெயர்ந்தால் பதிவு மாற்றவேணும்.
இது எனக்குத் தெரியாததா?
விதானையாரின் மேசையில்
எத்தனை கையெழுத்து!

கோப்புறையின் பெயர், ஒரு சாய்கோடு.
சேமித்தேன்.
வவுனிக்குளத்து மோட்டர் மூன்றும்
வந்து நின்றன,
ஒன்று தலைகீழாக.